நடுவிரலில் மை

6.2.2024

காளீஸ்வரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூக்குத் தோல் மட்டும் உரிந்து கிடக்கிறது, இப்போது பார்த்தால் நீ சிரிப்பாய். நாளை மறுநாள் மேலே ஏறுகிறோம். எந்த இடம் என்று எழுதக் கூடாது. போனைக் கீழே முகாமிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஜூன் கடைசியில் இறங்கும்வரை கடிதம்தான். ஹெலிகாப்டர் வந்தால்தான் தபால், அதனால் ஒரு கடிதம் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பதில் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே.

இத்துடன் ஒரு பாரம் வைத்திருக்கிறேன். 13எஃப் என்று பெயர். பட்டாளத்துக்காரன் ஓட்டுப் போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தபால் ஓட்டு. இன்னொன்று, ஊரில் இருக்கும் ஒருவரைத் தனக்குப் பதில் ஆளாக நியமிப்பது. அந்த ஆள் நம் பூத்துக்கு நேரில் போய் என் ஓட்டைப் போடலாம். தன் சொந்த ஓட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நான் உன் பெயரை எழுதி, ஆபீசர் முன்னால் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் 'எனக்கெதுக்கு இந்த வம்பு' என்பாய்.

தபாலிலேயே போடலாமே என்று நினைப்பாய். பத்தொன்பது வயதில் சேர்ந்தேன், பதினைந்து வருஷம் ஆகிறது. முதல் தேர்தலில் என் பெயரே பட்டியலில் இல்லை. அடுத்ததில் ஓட்டுச் சீட்டு என் கைக்கு வந்தபோது தேர்தல் முடிந்து பதினொரு நாள். அதற்கடுத்த தேர்தலன்று லீவில் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு தடவை பனியில் பாதை அடைத்துப்போய், எண்ணி முடித்த பிறகு கவர் போய்ச் சேர்ந்தது. போன தடவை உறுதிமொழித் தாளில் ஆபீசர் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். தபாலில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அது என் தப்பு. ஆக, முப்பத்து நாலு வயதில் இந்த நாட்டில் என் ஓட்டு ஒன்றுகூட எண்ணப்பட்டதில்லை. வெளியில் சொன்னால் வெட்கம்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையில் நோட்டரி வக்கீல் ஒருவர் முன்னால் நீயும் கையெழுத்துப் போட்டு, திருச்சுழியில் தேர்தல் வேலை நடக்கிற ஆபீஸில் கொடுத்துவிடு. யாருக்குப் போட வேண்டும் என்று பிறகு எழுதுகிறேன்.

முத்துத்தாய் மதினி எழுந்து நடமாடுகிறார்களா? டிசம்பர் மழையில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அண்ணனிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. நீதான் பக்கத்து வீட்டில் இருக்கிறாய், பார்த்துக்கொள்.

ராஜபாண்டி


26.2.2024

மச்சானுக்கு,

பாரம் வந்தது. வேலையும் முடிந்தது. இந்த ஒரு காகிதத்துக்காக நாலு பஸ் ஏறி இறங்கினேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அருப்புக்கோட்டை நோட்டரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'வீட்டுக்காரரு ஓட்டையும் நீங்களே போடப் போறீகளா' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'அப்ப வீட்டுல உங்க ராஜ்ஜியந்தான்' என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். உங்கள் அண்ணன் அதற்கும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நரிக்குடியில் இறங்கும்போதுதான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'அவன் ஓட்டையாச்சும் வீணாக்காமப் போடு.'

திருச்சுழி ஆபீஸில் ஒரு அம்மா பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். என் ஓட்டுக்கு ஆள்காட்டி விரலில் மை வைப்பார்களாம். உங்கள் ஓட்டுக்கு இடது கை நடுவிரலில். இரண்டும் போட்டால் இரண்டு விரலிலும் மை. நீங்கள் மனம் மாறினால் 13ஜி என்று இன்னொரு பாரம் அனுப்பி ரத்து செய்யலாமாம். ரத்து செய்யாதவரை அடுத்தடுத்த தேர்தலுக்கும் நான்தானாம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் என்னை நம்பி எழுதிக் கொடுத்தது இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் ஊருக்குள் வந்தேன்.

முத்துத்தாய் அக்கா வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். சோறு பொங்குகிறார்கள். பேச்சுத்தான் இல்லை. சாயங்காலம் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நம் மகள் அவர்கள் மடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அப்போது மட்டும் தலையைக் கோதிவிடுகிறார்கள்.

மூக்குக்கு வாசலின் போடுங்கள். எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காளீஸ்வரி


22.3.2024

மச்சானுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். படிக்கும்போது கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

போன சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்தார்கள், நம் பக்கம் ஏப்ரல் 19. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஓடைக்குப் பாலம் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. எத்தனை மனு கொடுத்தோம் என்று உங்களுக்கே தெரியும். டிசம்பரில் ஓடை நிறைய வெள்ளம் போக, ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்றதும், நாங்கள் இந்தக் கரையில் நின்றதும் ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. பாலம் கட்டுகிறவரை ஒருத்தரும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. ஊர்த்தலைவர் முத்துராமலிங்கம் கல் மேல் சூடம் ஏற்றி வைத்து, வீட்டுக்கு ஒரு கை வந்து சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

முதலில் உங்கள் அண்ணன்தான் போனார். ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'ராஜபாண்டி வீடு' என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பளை இல்லாத வீடு, விட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அக்கா அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எழுந்து போய் அணைத்துவிட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து இன்றைக்குத்தான் வற்றியது.

வீட்டுக்குத்தான் சத்தியம். அப்படியென்றால் உங்கள் ஓட்டுக்கும் சேர்த்துத்தான். பாரம் கொடுத்தது அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்கள் அண்ணனுக்கு இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்புத்தான். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தே இருக்க என்னால் முடியவில்லை. 13ஜி அனுப்புங்கள். நேரம் இல்லையென்றால் 'போகாதே' என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும். நீங்கள் சொல்லி நான் நின்றதாக இருக்க வேண்டும். நானாக உங்கள் ஓட்டைக் கெடுத்ததாக இருக்க வேண்டாம்.

காளீஸ்வரி


3.4.2024

காளீஸ்வரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னோடு காவலுக்கு நிற்கிற அய்யப்பன் என்னடா என்று கேட்டான். வீட்டில் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

என் வீட்டுக்குச் சத்தியம் செய்ய உனக்கு யார் சொன்னது? ஊர் புறக்கணிக்கட்டும், அது ஊர் பாடு. நான் போட்டிருக்கிற சட்டைக்கு அது ஆகாது. இங்கே ஆறு பேர் இருக்கிறோம். தபால் ஓட்டை இப்போது கம்ப்யூட்டரில் அனுப்புகிறார்கள், அச்செடுக்கிற மிஷின் கீழே இருக்கிறது. மேலே இருக்கிறவனுக்கு அதுவும் இல்லை. பதில் ஆள் வைத்தது நான் ஒருத்தன்தான். 'உனக்காச்சும் ஓட்டு விழுது' என்று ஐந்து பேரும் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய், என் பெண்டாட்டி சூடத்தை அணைத்துவிட்டாள் என்று சொல்லவா?

பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் மேல் எனக்கு இல்லாத பாசமா? ஆனால் ஓட்டுப் போடாமல் இருந்தால் பாலம் வருமா? பதினைந்து வருஷமாக நான் போடாமல்தானே இருக்கிறேன், எனக்கு என்ன வந்தது?

நீ உன் ஓட்டைப் போடாதே. உன் சத்தியம் உன்னோடு நிற்கட்டும். என்னுடையதைப் போடு. நான் அணைக்காத சூடம் என்னைக் கட்டாது.

யாருக்கு என்பதைத் தனித் துண்டில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. யாருக்கும் தெரிய வேண்டாம்.

இந்த ஒரு தடவை, காளி. ஒரே ஒரு தடவை என் ஓட்டு எண்ணப்படட்டும்.

ராஜபாண்டி


24.4.2024

மச்சானுக்கு,

உங்கள் ஓட்டைப் போட்டுவிட்டேன். நீங்கள் எழுதிய ஆளுக்கே போட்டேன். துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

என் வீட்டுக்குச் சத்தியம் செய்ய உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தீர்கள். என் விரலை எழுதிக் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னது என்று நானும் கேட்கலாம். இரண்டு பேரும் அடுத்தவரைக் கேட்காமல் கையை நீட்டிவிட்டோம். ஆனால் ஊருக்குள் நடந்து போனது நான் ஒருத்திதான்.

பூத் மகள் படிக்கிற பள்ளிக்கூடம்தான். காலையில் ஏழு மணியிலிருந்து ஆபீசர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தெருவெல்லாம் கறுப்புக் கொடி. மத்தியானம் ஒரு பெரிய அதிகாரி வந்து பேசிப் பார்த்தார். தேர்தல் முடியட்டும், பார்க்கலாம் என்றாராம். ஊர் அசையவில்லை. அதுவரை அறுநூற்று நாற்பது ஓட்டில் ஒன்றுகூட விழவில்லை. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். போக வேண்டாம் என்று எத்தனை தடவை முடிவு செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உங்களுக்கு அங்கே ஏதாவது ஒன்று ஆகி, நீங்கள் கேட்ட இந்த ஒன்றை நான் செய்யாமல் இருந்திருந்தால் அப்புறம் எப்படி இருப்பேன்? அந்த எண்ணம் வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மணி ஐந்தே கால்.

ஊர்ச் சாவடியில் ஆம்பளைகள் எல்லோரும் இருந்தார்கள். நான் கடைக்குப் போகிறேன் என்று முதலில் நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. உள்ளே ஆபீசர் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கே ஒரு ஓட்டு இருக்கேம்மா, அதையும் போடுறீங்களா' என்றார். வேண்டாம் என்றேன். நடுவிரலில் மை வைத்தார். மிஷின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த மிஷினில் ஒரே ஓட்டு. ஜூன் 4 எண்ணும்போது பூத் வாரியாகச் சொல்வார்கள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மடித்து அனுப்பினீர்களே, அதைத்தான் முதலில் ஊரே படிக்கப் போகிறது. இருந்தாலும் நீங்கள் சொன்னதைத்தான் அமுக்கினேன்.

வெளியே உங்கள் அண்ணன் நின்றார். மை இல்லாத ஆள்காட்டி விரலைக் காட்டி, என் சத்தியம் அப்படியே இருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை.

'சைபரா இருந்தா ஏன்னு கேட்டு எவனாச்சும் வந்திருப்பான். ஒண்ணாக்கிட்ட, இனி எவன் வருவான்?' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுதான் நடந்தது. மறுநாள் பேப்பரில் 'பட்டாள வீரருக்காக மனைவி போட்ட ஒரே ஓட்டு' என்று போட்டிருந்தார்கள். பாலத்தைப் பற்றி அரை வரி.

சாயங்காலம் வழக்கம்போல அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நடுவிரலை எச்சில் தொட்டு முந்தானையால் தேய்த்தார்கள். ரொம்ப நேரம் தேய்த்தார்கள். போகவில்லை. கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கதவு திறக்கவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமை அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட வீட்டுக்கு வீடு விதை தூவுகிற மண் ஓடு கொடுத்தார்கள். நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். மகள் ஓடிப்போய், எங்களுக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே பனியில் நிற்கிற மனிதருக்கு இது எதற்கு என்று மறைத்தேன். பிள்ளை வயிற்றில் போகவில்லை. அன்றைக்குக் காலை ஓடைக்கரையில், மழையில், நான்கு பேர் தார்ப்பாய் பிடிக்க, என் கையில்தான் பிறந்தது. ஆம்பளைப் பிள்ளை. அழுதது. அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் விளக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை தண்ணீரில் இறங்கினார், இரண்டு தடவையும் இழுத்துப் போட்டார்கள். பிள்ளை நாற்பது நிமிஷம் இருந்தது. சீலையில் சுற்றி என் நெஞ்சோடு வைத்திருந்தேன். அடங்கியது எனக்குத்தான் முதலில் தெரிந்தது, நான் சொல்லவில்லை. அக்காவே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கையால்தான் சூடத்தை அணைத்தேன். அந்தக் கையால்தான் உங்கள் ஓட்டையும் போட்டேன். எண்ணிக்கொள்ளட்டும்.

காளீஸ்வரி


8.5.2024

காளி,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. நேற்று எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

இதை முன்னால் எழுதியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல வந்தேன். அப்படிச் சொன்னால் பழியை உன் மேல் தூக்கிப் போட்டதாகும். எழுதாமலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் போனில் அண்ணன் பேசவே இல்லையே, அப்போதாவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் என் ஓட்டு, என் ஓட்டு என்று இருந்துவிட்டேன்.

அய்யப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் 'போட்டாச்சு. இனி அந்த ஓட்ட வச்சு என்ன செய்யப் போற?' என்று கேட்டான். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

13ஜியும் இதில் இருக்கிறது. திருச்சுழியில் கொடுத்து என் நியமனத்தை ரத்து செய்துவிடு. இனி உன் விரலை உன்னைக் கேட்காமல் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

கூடவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். தேர்தல் முடிவு வந்த பிறகு கொடுக்கலாம். முக்கியமான இடம் இதுதான்:

'எங்கள் ஊர்ப் பள்ளி வாக்குச்சாவடியில் 19.4.2024 அன்று பதிவான ஒரே ஓட்டு என்னுடையது. நான் ராணுவத்தில் இருப்பதால் என் மனைவி எனக்காகப் போட்டார். மீதி அறுநூற்று முப்பத்தொன்பது பேர் ஏன் வரவில்லை என்று சொல்லும் கடமை, வந்த ஒருவனுக்கு இருக்கிறது. அவர்கள் கேட்பது ஓடைக்கு ஒரு பாலம். டிசம்பர் மாதம் மழையில்'

அதற்கு மேல் காலியாக விட்டிருக்கிறேன். பிள்ளையைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இல்லாதவன் எழுதக் கூடாது. பெயர்கூட இல்லை. கீழே என் கையெழுத்து இருக்கிறது. மதினியிடம் காட்டு. அவர்கள் வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். அண்ணன் பெயருக்கு என் பெயருக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன்.

மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஓடு கிடைக்காதது அவள் அப்பனால்தான் என்று சொல்லிவிடு.

ராஜபாண்டி


27.5.2024

மச்சானுக்கு,

13ஜியைக் கொடுத்துவிட்டேன். அதே அம்மாதான் இருந்தார். என்னம்மா அதுக்குள்ள என்று கேட்டார். ஒரு தடவை போதும் என்றேன்.

மனுவை மூன்று நாள் பீரோவிலேயே வைத்திருந்தேன். கதவைத் திறக்காத வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது? நான்காம் நாள் சாயங்காலம் அக்கா குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இல்லை. போய்ப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தேன். கேட்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அதைத் தூக்கவில்லை. காலியாக விட்ட இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

'அப்புறம்?' என்று கேட்டார்கள். டிசம்பருக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அவர் அங்கே இல்லை, அதனால் எழுதவில்லை, உங்களிடம் கேட்கச் சொன்னார் என்றேன். குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கிழிக்கவும் இல்லை. அவர் கொடுத்தால் நானே விருதுநகர் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். கொடுக்காவிட்டால் அவர் பையிலேயே இருக்கட்டும். ஊரும் என்னோடு இன்னும் பேசவில்லை, முளைப்பாரி நாங்கள் இல்லாமலேதான் கரைந்தது. நகத்தில் மை பாதிக்கு மேலே ஏறிவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் நறுக்கி எறிந்துவிடலாம். பாலம் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

காலி இடத்தில் அக்கா சொன்னதை நான் எழுதினேன். எழுது என்றார்கள், எழுதினேன்.

'ஆம்பளப் பிள்ளைன்னு எழுது. அழுதுச்சுன்னு எழுது. நாப்பது நிமிசம் இருந்துச்சுன்னு எழுது. பேரு வைக்கலைன்னும் எழுது, அதையும் அவுக படிக்கட்டும்.'

அப்படியே எழுதிவிட்டேன். ஒரு எழுத்துக்கூட நானாகச் சேர்க்கவில்லை.

காளீஸ்வரி